டோரீன் பொறுக்கியெடுத்த கீபோர்டு

டோரீனை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொண்டு போகும்போது எங்காவது அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை வந்துவிட்டால், கை தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கும் என்னைப் பிடிக்காது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் கடைசிவரை ஒத்துப்போனோம்.

மராத்தி பேசும் ஊரான தாபோடியில் தண்ணீர் மீட்டர் செய்யும் கம்பெனி ஒன்றில் நாங்கள் டைப்பிஸ்டுகள். நான் சேர்ந்தது எழுபத்தொன்றில். அவள் எனக்கு மூன்று வருஷம் முன்னால் சேர்ந்தவள், வயதிலும் நாலைந்து வருஷம் பெரியவள். இரண்டு பேர் வீடும் கட்கியில்தான். என் அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர், வேலூர்ப் பக்கத்து ஆள். அவள் அப்பா தேவநேசன் அதே தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர், திருநெல்வேலிக் கிறிஸ்தவர். கட்கியிலிருந்து தாபோடிக்கு லோக்கல் ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன். அந்த ஐந்து நிமிஷத்துக்குக்கூட அவள் ஏறின பெட்டியில் நான் ஏறமாட்டேன்.

சேர்ந்த முதல் வாரம் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அந்தச் சனிக்கிழமை நான் அடித்து வைத்த கடிதத்தை மேலே தூக்கிப் பிடித்தாள்.

"ஏட்டி லீலா, இத நீ வெரலால அடிச்சியா, முழங்கையால அடிச்சியா?"

செக்‌ஷனில் மற்ற மூன்று பேரும் மராத்திக்காரிகள். அவர்களுக்குத் தமிழ் தெரியாதே என்று, அதையே மறுபடியும் மராத்தியில் வேறு சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு அக்கா போயிற்று. அப்புறம் டோரீன். அப்புறம் ரொம்ப நாள் "இந்தாங்க" மட்டும்தான்.

ஆள் ஒல்லி. காற்றடித்தால் புடவை மட்டும் நிற்கும், அவள் போய்விடுவாள் என்று தோன்றும். ஆனால் அந்தக் கை இருக்கிறதே, அம்மாடி! ஆறு கார்பன் வைத்து அடித்தால் ஆறாவது காப்பியிலும் எழுத்து அச்சுமாதிரி விழும். அவள் அடித்த தாளை வெளிச்சத்தில் பிடித்தால் முற்றுப்புள்ளி இருக்கிற இடமெல்லாம் ஓட்டை. அவளுடைய மெஷின் செக்‌ஷனிலேயே பழையது, இரும்புக் கட்டி. புதுசு தருகிறோம் என்று இரண்டு தடவை சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டாள். அவள் முதுகும் என் முதுகும் ஒன்றையொன்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நாள் முழுக்க அந்தத் தடதடப்பு என் முதுகெலும்பில் ஏறும். வீட்டுக்குப் போய் சரசாவிடம், அவள் என் தங்கை, முதுகைத் தேய்த்துவிடச் சொல்லுவேன்.

பதினேழு வயதில் கட்கி பஜாரில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே இருந்த இன்ஸ்டிட்யூட்டில் அவள் டைப் கற்றுக்கொண்டாளாம். அப்பா திடீரென்று போய்விட்டார், வீட்டில் இவள்தான் மூத்தவள். வேறு எதையும் அவள் கற்றுக்கொள்ளவில்லை, கற்றுக்கொள்ள ஆசைப்படவும் இல்லை. கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு போட்டாள். ஐந்தாம் நாள் கழுத்தில் புதுத் தாலியோடு வந்தவள், கொண்டுவந்த கேக்கை யாருக்கும் கொடுக்கவில்லை. "என் மெஷின யாரு தொட்டது? ரிப்பன் தளந்து கெடக்கு," என்று பதினோரு மணிவரை விசாரணை. மாப்பிள்ளை இன்பநாதன் பாவம், சாது. தாபோடியில் ராணுவ இன்ஜினீயரிங் காலேஜில் லைப்ரரி வேலை. சத்தமே இல்லாத இடம். அதனால்தான் இவளைக் கட்டிக்கொண்டு தாக்குப்பிடித்தார் என்று நான் சொல்லுவேன். முதல் பிள்ளை உண்டாகி எட்டு மாதம் ஆனபோது வயிறு மேஜையில் இடித்தது. நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொண்டு, உடம்பை முறுக்கி, அப்படியும் அடித்தாள். வலி கண்ட அன்று மத்தியானம்வரை அடித்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் லீவு கேட்டுப் போனால் மேனேஜர் அவளைத்தானே உதாரணம் காட்டுவார்.

இப்படி எங்களுக்குள் பதினாலு வருஷம் ஓடியது. மின்விசிறி யார் பக்கம் திரும்பவேண்டும், ஜன்னலை யார் சாத்துவது, என் டிபன் டப்பாவில் கருவாடு வாசனை, அவள் பாட்டு முணுமுணுப்பு. எதற்குச் சண்டை போடவில்லை என்று கேட்டால்தான் யோசித்துச் சொல்லவேண்டும்.

எண்பத்தைந்தில் கம்ப்யூட்டர் வந்தது.

அதற்குப் பொறுப்பாக தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கிற ராஸ்தா பேட்டிலிருந்து சந்திரமௌலி என்று ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சத்தம் ஆகாது. யாராவது ஸ்டேப்ளரை அழுத்தினால்கூட முகத்தைச் சுளிப்பார். அவர் எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னதன் சுருக்கம் இதுதான்: டைப்பிங் செக்‌ஷனை மூடப்போகிறார்கள். கம்ப்யூட்டர் அறையில் ஒரே ஒரு நாற்காலி. மீதி நாலு பேரும் டெஸ்பாட்சுக்குப் போய்ப் பார்சல் கட்டி லேபிள் ஒட்டவேண்டும்.

சீனியாரிட்டிப்படி அந்த நாற்காலி டோரீனுக்கு. அடுத்தது நான். வெளியே வந்ததும் மராத்திக்காரிகள் மூன்று பேரும் அழுதார்கள். டோரீன் அழவில்லை. தண்ணீர்ப் பானைப் பக்கம் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கு வேற வேல தெரியாது. பார்சல் கட்டவா நான் பொறந்தேன்?"

எனக்கு மட்டும் வேறு வேலை தெரியுமா? நானும்தான் பார்சல் கட்டப் பிறக்கவில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் ஒரு பெரிய அலமாரி. அதற்குக் கீபோர்டு மட்டும் தனியாக வாங்கவேண்டும் என்றார் சந்திரமௌலி. பம்பாயிலிருந்து டை கட்டிய ஆள் ஒருவன் மூன்று கீபோர்டு எடுத்துக்கொண்டு வந்தான். நாங்கள் இரண்டு பேரும் அடித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்லவேண்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏசி அறைக்குள் வெறுங்காலோடு போய் நின்றோம். தரை ஜில்லென்று இருந்தது.

அன்றைக்கு டோரீன் செய்த அட்டகாசத்தை நான் மறக்கவே மாட்டேன். கட்கி பஜாரில் அவள் பூசணிக்காய் வாங்குவதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும், அதே கதைதான். முதல் கீபோர்டு கால்குலேட்டர்மாதிரி தட்டை. ஒரே ஒரு விரலால் ஒரே ஒரு தடவை தொட்டாள். "இது வெளையாட்டுச் சாமான்," என்று தள்ளிவைத்தாள். இரண்டாவது மெத்துமெத்தென்று இருந்தது, சத்தமே வராது. பத்து நிமிஷம் அடித்தாள். "டீயில ஊறின பன்ன அமுக்குத மாதிரி இருக்கு. எழுத்து விழுந்துச்சா விழலையான்னு வெரலுக்கு எப்பிடித் தெரியும்? ஒவ்வொரு எழுத்துக்கும் டிவியப் பாக்கணுமா? யே நஹி சலேகா, பாபா." இது ஆகாது என்று இந்தியில் அவனுக்கும் ஒரு வார்த்தை. பம்பாய்க்காரன் இளித்தான்.

மூன்றாவதைக் கையில் எடுத்தபோது அவள் முகம் மாறியது. கனம். அடியில் இரும்புத் தகடு. ஒவ்வொரு விசைக்கும் கீழே தனி ஸ்பிரிங். அழுத்தினால் பாதி வழியில் டக்கென்று ஒரு தடை, அதைத் தாண்டினால் எழுத்து. அவள் கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் அடித்தாள். அப்புறம் ஸ்பேஸ் பாரை நடுவில் அமுக்கினாள், இந்த ஓரத்தில், அந்த ஓரத்தில், மூலையில். எங்கே அமுக்கினாலும் கோணாமல் இறங்கியது. கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினாள். கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, ஒரு விசையின் மூடியை நெம்பி எடுத்தாள்.

"மேடம்! மேடம், வோ மத் கரோ!" அப்படிச் செய்யாதீர்கள் என்று பம்பாய்க்காரன் பதறினான்.

"சும்மா இருடே. தூசி உள்ள போனா எடுக்க முடியுமான்னு பாக்கேன்," என்று அவனிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு, உள்ளே ஊதிப் பார்த்து, மூடியைத் திருப்பி அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது.

"சார், இதுதான். இது பத்து வருசம் கெடக்கும்."

சந்திரமௌலி ஒரு காதைப் பொத்திக்கொண்டார். அவருடைய அறை பக்கத்திலேயே, நடுவில் பலகைச் சுவர்தான். "மிஸஸ் இன்பநாதன், இது சத்தம் போடறதே. நாள் பூரா நான் இதைக் கேட்டுண்டு உட்காரணுமா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "லீலா, நீங்க என்ன சொல்றேள்?"

நானும் மூன்றையும் அடித்துப் பார்த்திருந்தேன். உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், அந்தக் கனத்த போர்டில் கை வைத்தபோது என் விரல்களுக்கு எடுக்க மனசு வரவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் அவள் ஒன்றை நல்லது என்று சொன்னபிறகு நானும் அதையே நல்லது என்பதா? செத்தாலும் மாட்டேன்.

"மெத்துனு இருக்கறதுதான் நல்லாருக்குது சார்," என்றேன்.

டோரீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நெசமாவாட்டி?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியில் சந்திரமௌலி ஒரு ஏற்பாடு செய்தார். பத்து நாள் சோதனை. தொள்ளாயிரம் தொழிலாளிகளின் வருகைக் கார்டுகள். அதே கார்டுக் கட்டை டோரீன் கனத்த போர்டில் ஒரு முறை ஏற்றவேண்டும், நான் மெத்துப் போர்டில் ஒரு முறை. சரிபார்க்கிற புரோகிராம் பம்பாயிலிருந்து பத்தாம் நாள்தான் வரும். வந்ததும் ஓட்டிப் பார்த்து, எதில் தப்பு குறைவோ அந்தப் போர்டையே வாங்குவது.

அந்த நாட்களில் அவள் அடித்த அடி! கார்டைப் பார்ப்பாள், விரல் தானாக ஓடும், திரையை ஏறிட்டும் பார்க்கமாட்டாள். தலை நிமிர்த்தி ராணிமாதிரி உட்கார்ந்திருப்பாள். என் போர்டில் சில எழுத்து விழும், சில விழாது. நான் திரையைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக் கழுத்து பிடித்துக்கொண்டது. அவள் ஆறு நாளில் முடித்துவிட்டு, மீதி நாளெல்லாம் என் பின்னால் வந்து நின்று "உச்" கொட்டினாள். கழுத்தை நெரிக்கலாமா என்றிருந்தது.

பத்தாம் நாள் ஓட்டினார்கள். எனக்கு முப்பத்தொரு தப்பு. டோரீனுக்கு நானூற்றுப் பதினெட்டு.

சந்திரமௌலி அவருக்கே நம்பிக்கை வராமல் இரண்டாம் தடவை ஓட்டினார். அதே நானூற்றுப் பதினெட்டு. தள்ளப்பட்ட கார்டுகளின் பட்டியலை அச்சடித்து என்னிடம் கொடுத்து, அசல் கார்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது.

2305 என்ற டோக்கன் எண்ணுள்ள தொழிலாளியின் கார்டு உள்ளே போயிருந்தது. 2114 போகவில்லை. 876 போயிருந்தது. 1020 போகவில்லை. ஒன்று என்ற எண் எங்கெல்லாம் வருகிறதோ அந்தக் கார்டையெல்லாம் மெஷின் துப்பியிருந்தது. அந்தக் காலத்துப் பழைய டைப்ரைட்டர் பலவற்றில் ஒன்றுக்குத் தனி விசை கிடையாது. எண் வரிசை இரண்டில்தான் ஆரம்பிக்கும். ஒன்று வேண்டுமானால் ஆங்கிலத்தின் சின்ன எல் எழுத்தை அடிப்போம். தாளில் இரண்டும் ஒரே கோடுதான், யாரும் கண்டுபிடிக்க முடியாது. டோரீன் அந்த இரும்புக் கட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாளே, அதில் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷமாக அவள் விரல் ஒன்றைக் கண்டால் எல்லுக்குப் போகும். புதுக் கீபோர்டில் ஒன்றுக்கு விசை இருப்பதைக் கண் பார்த்திருக்கும், விரல் பார்க்கவில்லை. மனுஷர் படித்தால் ஒன்று என்றுதான் படிப்பார். கம்ப்யூட்டருக்கு எல் எழுத்து, எண் அல்ல. தள்ளிவிட்டது.

போர்டில் ஒரு குறையும் இல்லை.

இதற்கு மருந்தும் எனக்குத் தெரியும். இன்ஸ்டிட்யூட்டில் நானும் அப்படிப்பட்ட மெஷினில்தான் படித்தேன். கம்பெனியில் எனக்குக் கொடுத்த மெஷினில் ஒன்றுக்கு விசை இருந்தது. விரல் மாற எனக்கு நாலே நாள்தான் ஆயிற்று.

பட்டியலைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். "இன்னா காரணம்னு தெரியல சார்," என்றேன். நாற்காலி எனக்கு வேண்டும். அவள் பார்சல் கட்டட்டும். இதுதான் என் மனசில் இருந்தது, இதற்கு மேல் பூசி மெழுக ஒன்றுமில்லை.

சாயங்காலம் சந்திரமௌலி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவர் முகத்தில் சந்தோஷம் வழிந்தது.

"சாவி துள்றது, மிஸஸ் இன்பநாதன். ஒரு தடவை அமுக்கினா உள்ளே ரெண்டு தடவை பதியறது. போர்டு டிஃபெக்ட். உங்க மேல தப்பே இல்லை," என்று சொல்லி, டைப் அடித்த தாள் ஒன்றை நீட்டினார். கனத்த கீபோர்டு குறையுள்ளது, வாங்கத் தகுதியில்லை என்று அதில் இருந்தது. "இதுல ஒரு கையெழுத்து போடுங்கோ. மெத்துப் போர்டையே வாங்கிடறேன். சீட் எப்படியும் உங்களுதுதான், சீனியர் இல்லையா."

எனக்கு வயிறு எரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குப் பலன் இதுவா? ஒரு கையெழுத்து. அவளுக்கு நாற்காலி, அவருக்கு நிம்மதி. எனக்குப் பார்சல்.

டோரீன் தாளைப் படித்தாள். பேனாவை எடுக்கவில்லை. "அந்த லிஸ்ட்ட குடுங்க சார். ராத்திரி வீட்டுல வச்சுப் பாத்துட்டு நாளைக்குச் சொல்லுதேன்."

"பார்க்க என்ன இருக்கு?"

"அது துள்ளுத போர்டு இல்ல சார். நான் கண்ண மூடி அடிச்சுப் பாத்திருக்கேன்," என்று பட்டியலைச் சுருட்டிக் கூடையில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை நான் கம்ப்யூட்டர் அறைக்குள் போனபோது அவள் முன்பே அங்கே இருந்தாள். கனத்த போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு விரலால், ஒரு கார்டை, ஒவ்வொரு எண்ணாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி அடித்து நான் பார்த்ததே இல்லை. ஒன்று வந்த இடத்தில் அவள் மோதிர விரல் எல் மேல் போய் நின்றது. அந்த விரலை அவள் பார்த்த பார்வை! சொந்தப் பிள்ளை திருடினதைக் கண்டுபிடித்தவள்மாதிரி பார்த்தாள்.

எழுந்தாள். நேரே சந்திரமௌலி அறைக்குப் போனாள். பின்னாலேயே நானும் போனேன்.

நேற்றுக் கொடுத்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதியிருந்தாள். கீபோர்டில் குறையில்லை. ஒன்று என்ற எண்ணுக்குப் பதிலாக நான் எல் எழுத்தை அடித்திருக்கிறேன். தவறு என்னுடையது. கீழே கையெழுத்து, தேதி. முற்றுப்புள்ளி வைத்த இடத்தில் பேனா தாளைக் குத்தியிருந்தது.

சந்திரமௌலி இரண்டு தடவை படித்தார். "இதை எழுதிக் குடுத்தா சீட் போயிடும், தெரியுமோல்லியோ? நானூறு தப்பு உங்க தப்புன்னு ஆயிடும். மேல இருக்கற பெரிய சாப் கேட்டா நான் என்ன சொல்றது?"

"தெரியும் சார். அதுக்காவ நல்ல சாமானக் கெட்டதுன்னு எழுதவா? ஆறு நா அது நான் சொன்னதக் கேட்டுருக்கு சார். நான்தான் தப்பாச் சொன்னேன்." அதுவரை நன்றாகத்தான் பேசினாள். பிறகு குரல் இறங்கியது. அந்தக் குரலை நான் கேட்டதில்லை. "ஒரு வாரம் குடுங்க. அந்த எல்லு மேல ஒரு ப்ளாஸ்டர் ஒட்டிக்கிடுதேன். வெரல் தானா மாறிரும். ஒரே ஒரு வாரம், சார்."

கெஞ்சினாள். டோரீன் கெஞ்சினாள்.

சந்திரமௌலி இளகித்தான் போனார். என்னைப் பார்த்தார். "லீலா, நீங்களும் டைப்பிஸ்ட்தானே. ஒரு வாரத்துல பழக்கம் மாறுமா?"

நாலு நாளில் மாறும் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மாறியது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்.

"கஷ்டம் சார்," என்றேன். "இத்தினி வருசம் பழகின கை. மாறாது."

டோரீன் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அந்த வாரமே நாற்காலி எனக்கு வந்தது. போர்டில் குறையில்லை என்று எழுத்தில் வந்துவிட்டதாலும், பத்து வருஷம் உழைக்கும் என்று பம்பாய்க்காரன் உத்தரவாதம் கொடுத்திருந்ததாலும், பெரிய சாப் கனத்ததையே வாங்கச் சொன்னார். சந்திரமௌலி காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். நாலு வருஷம் நான் அதில் அடித்தேன். ஒரு விசை செத்ததில்லை, ஒரு ஸ்பிரிங் தளர்ந்ததில்லை. கையில் பிடித்ததெல்லாம் உடைந்துபோகிற அந்தக் கம்பெனியில் அது ஒன்றுதான் சொன்னபடி நின்றது. காலையில் முதல் விசையை அழுத்தி டக்கென்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அவள்மேல்தான் கோபம் வரும். ஏன் வந்தது என்று கேட்காதீர்கள். வந்தது.

அவள் டெஸ்பாட்சில் பார்சல் கட்டினாள். சணல் இழுத்து இழுத்து விரலில் காய்ப்பு. லேபிள்களைக் கையால்தான் எழுதவேண்டும். அங்கே ஒரு டைப்ரைட்டர்கூட இல்லை. நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஸ்டோருக்குப் போகவேண்டியிருந்தால் கேன்டீனைச் சுற்றிக்கொண்டு போவேன்.

எண்பத்தொன்பதில் டெஸ்பாட்ச் வேலையைக் காண்ட்ராக்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே இருந்தவர்களையெல்லாம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். டோரீனுக்கு வயது நாற்பத்து மூன்று.

போகிறவர்கள் ஒரு படிவத்தில் எல்லாச் செக்‌ஷனிலும் கையெழுத்து வாங்கவேண்டும். கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்குக் கையெழுத்துப் போடவேண்டியவள் நான். கடைசி நாள் நாலு மணிக்குச் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். இன்னும் ஒல்லியாகியிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கீபோர்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுல ஒன் கையெழுத்து வேணுமாம்," என்று படிவத்தை நீட்டினாள்.

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. நாலு வருஷமாக மூடிவைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "டோரீன், அன்னிக்கு எனுக்குத் தெரியும். லிஸ்ட்ட பாத்தப்பவே தெரியும். நாலு நாள்ல மாறும்னும் தெரியும்."

"ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்ட்டி," என்றாள். குரலில் ஒரு ஏற்றமும் இல்லை. "லிஸ்ட்ட வீட்டுல விரிச்சுப் பாக்கேன், ஒன்னு வார எடத்துலல்லாம் பென்சில்ல சின்னதா ஒரு புள்ளி. பதினாலு வருசமா ஒன் தப்பத் திருத்துனவ நான். ஒன் புள்ளி எனக்குத் தெரியாதா? அது இல்லன்னா எனக்கு வெளங்கியே இருக்காது."

நான் புள்ளி வைத்ததே எனக்கு நினைவில்லை. அப்படியென்றால் அந்தக் காலையில், நான் "மாறாது" என்று சொன்னபோது, அவள் எல்லாம் தெரிந்துகொண்டே என்னைப் பார்த்திருக்கிறாள்.

"அப்ப அன்னிக்கே சார்கிட்ட சொல்லியிருக்கலாமே! இவளுக்குத் தெரியும், வேணும்னே மறைக்கிறான்னு ஒரு வார்த்த..."

"சொல்லியிருந்தா? ஒன்னையும் வெளிய அனுப்பியிருப்பாரு. ரெண்டு வெரலால குத்துத எவளாவது ஒருத்தி வந்து இதுல உக்காந்திருப்பா. அதுக்கா நான் இதப் பாத்துப் பாத்து எடுத்தேன்?" அவள் கை போர்டின் ஓரத்தை ஒரு தடவை தொட்டது. உடனே எடுத்துக்கொண்டாள். "ஒன்ன எனக்குப் பிடிக்காது, லீலா. நீ நல்லவளும் இல்ல. ஆனா நீ டைப் அடிப்ப."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அதெல்லாம் வேண்டாம். கையெழுத்தப் போடு. லோக்கல் போயிரும்."

போட்டேன். கோணலாக விழுந்தது. அவள் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். படிவத்தை மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அத ஒரு தடவ கவுத்துத் தட்டுட்டி. உள்ள பூரா ரொட்டித் தூளா கெடக்கு. எரும."

போய்விட்டாள். செருப்புச் சத்தம் வராந்தா முடிகிறவரை கேட்டது. நான் கீபோர்டைக் கவிழ்த்து முதுகில் தட்டினேன். நாலு வருஷத்துப் பாவ் ரொட்டித் தூளும் சேவ் தூளும் மேஜை முழுக்கக் கொட்டின. ஹேர்பின்னால் ஒவ்வொரு மூடியாக நெம்பி எடுத்து, ஐந்தரை மணிவரை துடைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. கோபமும் வந்தது. போகிற நாளில்கூட எருமை என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.